ரிம்மில் ஏறிய பிரேக் கறை எப்படிப் போகும்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சுங்கை சிப்புட்டில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். முன்சக்கரம் இரண்டிலும் ஸ்போர்ட் ரிம் கருத்துப்போயிருக்கிறது, நடுநடுவே பழுப்புப் புள்ளிகள். "இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல்" என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று தடவை கார் வாஷ் கடைக்குப் போயும் போகவில்லை, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்தும் அசையவில்லை. அப்பா ரப்பர் பால் உறைய ஊற்றும் கித்தா ஆசிட் வீட்டில் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தடவிப் பார்க்கலாமா என்பது கேள்வி.

முதலில் அந்த ஆசிட்டை இறுக மூடி, இருந்த இடத்திலேயே வையுங்கள். பச்சை நாரை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த இடது பக்க விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

இதே ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் பாதி பிரேக் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ரிம்மில் இருப்பதை அழுக்கு என்று நினைத்துக் கழுவுவதால்தான் அது போகமாட்டேன் என்கிறது. அது இரும்பு. பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டைப் பேட் என்ற இரண்டு கட்டைகள் கவ்வுகின்றன. டிஸ்க் வார்ப்பிரும்பு. பேட்டில் பிசின், கிராஃபைட், இரும்பு நார், சிலவற்றில் செம்புத் தூள் என்று பலதும் சேர்ந்திருக்கும். கவ்வும்போது இரண்டுமே தேயும். தேய்ந்த பொடி சூட்டோடு தெறித்து ரிம்மில் போய் உட்காரும். முதல் சில நாள் அது வெறும் கருந்தூசிதான், ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிடும். ஒரு மழை விழட்டும், கதை மாறிவிடும். இரும்புப் பொடி துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் ரிம்மின் மேல்பூச்சுக்குள் வேர்விட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். நம் பேராக் மழைக்குக் கேட்கவா வேண்டும்? காலையில் வெயில், மாலையில் மழை, அடுத்த நாளும் அப்படியே. துருவுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. நீங்கள் சொன்ன பழுப்புப் புள்ளிகள் அதுதான். ஷாம்பு மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூக்கும், துருவைத் தூக்காது. கார் வாஷ் கடைக்கு முப்பது தடவை போனாலும் அவர்கள் அடிப்பது ஷாம்புதான்.

பின்சக்கரம் ஏன் சுத்தமாக இருக்கிறது என்றால், பிரேக் போட்டதும் காரின் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குத்தான். போதாததற்கு மைவி மாதிரி சின்னக் கார்களில் பின்னால் இருப்பது மூடிய டிரம் பிரேக். தேய்ந்த பொடியில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே கிடக்கும்.

நம் ஊர்க் கார்களில் இன்னொரு சங்கதி உண்டு. லிந்தாங் ரோட்டில் ஈவுட், எல்பில் பக்கம் போய்வருகிற கார் என்றால் ரிம்மில் செம்மண் ஒரு அடுக்கு இருக்கும். செம்பனை லோரியும் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) லோரியும் போகிற ரோடு, அந்தக் கட்டிப்பால் தண்ணீர் ஒழுகிய நாற்றத்தை நான் சொல்லத் தேவையில்லை. ரோட்டுக்குத் தார் போட்ட வாரம் என்றால் கருப்புப் பொட்டுகளும் ஒட்டியிருக்கும். மேலே மண், நடுவில் தார், அடியில் இரும்பு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரே போத்தலில் எல்லாம் போகும் என்று விற்கிறவனை நான் நம்புவதில்லை.

எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன வழி. ரிம்மை ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஈரம் காய்வதற்குள், மீன் கட்டித் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதற்குள் கையை விட்டு ரிம்மின் மேல் மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழவழவென்று தெரிகிற இடமெல்லாம் பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள் மாதிரி நறநறவென்று தெரியும். அத்தனையும் ஒட்டிய இரும்பும் தாரும்தான். பட்டறைக்கு வருகிறவர்களின் கையில் பையை மாட்டித் தடவச் சொல்வேன். "இவ்வளவா!" என்று முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்கும்.

சரி, மருந்துக்கு வருவோம். கார் சாமான் கடைகளில் 'அயர்ன் ரிமூவர்' என்று கேளுங்கள். இணையத்திலும் கிடைக்கும், 20, 30 வெள்ளிப் போத்தலே நாலு சக்கரத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு வரும். அடித்ததும் தண்ணீர் மாதிரி இருக்கும், இரண்டு நிமிஷத்தில் ஊதா நிறமாகி, ரத்தம் வழிவது போல வழியும். தையோகிளைக்கோலேட் என்ற உப்பு இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது. துருவைப் பிடித்துத் தண்ணீரில் கரையும்படி செய்துவிடுகிறது, தேய்த்துப் பெயர்க்கும் வேலையே இல்லை. பெரும்பாலும் அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நடுநிலைதான். ஆனால் நாற்றம்! அழுகிய முட்டை மாதிரி. சலூனில் முடியைச் சுருட்டப் போடும் பெர்ம் மருந்திலும் இதே இனத்து உப்புதான் இருக்கிறது. என் மனைவி முதல்முறை முகர்ந்துவிட்டு, "யாருக்கு முடி சுருட்டுறீங்க?" என்று கேட்டாள்.

ஊதா வராமல் வெறும் நுரை மட்டும் வந்தால் அங்கே இரும்பு இல்லை, அல்லது நீங்கள் வாங்கியது வெறும் ரிம் ஷாம்பு.

வேலையை இப்படிச் செய்யுங்கள். காரை ஓட்டி வந்த சூட்டோடு தொடாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் நிழலில் நிற்கட்டும். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளக்கூடும், அப்புறம் பிரேக் மிதிக்கிறபோதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். சூட்டில் மருந்தும் காய்ந்துபோகும், காய்ந்தால் அதுவே ஒரு கறை. காலை எட்டு மணிக்கு முன்னாலோ, மாலை ஐந்துக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரமாகச் செய்யுங்கள், நாலையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டு ஓடாதீர்கள்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். செம்மண்ணோடு தேய்த்தால் மண்ணே ரிம்மைக் கீறும். பிறகு ஷாம்பு, பிறகு அலசல். அலசியபின் தண்ணீர் வடிந்து ரிம் கொஞ்சம் உலரட்டும், சொட்டச் சொட்ட இருந்தால் மருந்து நீர்த்துப்போகும். கையுறை போட்டுக்கொண்டு, உள்பக்கம், கம்பிகளின் இடுக்கு, நட்டுக் குழி எல்லாம் படும்படி அடியுங்கள். மூன்று நாலு நிமிஷம் விடுங்கள். டிஸ்க்கும் ஊதாவாகும், அதுவும் இரும்புதானே, பயப்பட வேண்டாம். காய்கிற மாதிரி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அடியுங்கள்.

இனி பிரஷ். கடையில் விலை கூடிய ரிம் பிரஷ் எல்லாம் தேவையில்லை. ஹார்ட்வேர் கடையில் ஒன்றரை அங்குல பெயிண்ட் பிரஷ் ஒன்று வாங்குங்கள். மயிரையும் கட்டையையும் சேர்க்கும் தகரப் பட்டை இருக்கிறது பாருங்கள், அதன்மேல் மின்சார டேப்பை மூன்று சுற்று சுற்றுங்கள். சுற்றாவிட்டால் அந்தத் தகரம் ரிம்மின் விளிம்பில் கோடு கோடாகக் கீறிவிடும். என் முதல் ரிம்மில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. மயிர் ரொம்ப நீளமாக இருந்தால் பாதியாக வெட்டுங்கள், இடுக்கில் அழுத்த வசதியாக இருக்கும். நட்டுக் குழிக்குப் பழைய பல் பிரஷ். இப்படி ஈரத்திலேயே மெல்ல அலைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் நீங்கள் மருந்துக்கு உதவவில்லை, பூச்சைத்தான் கெடுக்கிறீர்கள். பிறகு நிறைய தண்ணீர். நட்டுக் குழியில் ஊதாத் தண்ணீர் தேங்கி நிற்கும், அதையும் வெளியேற்றுங்கள். ரொம்ப வருஷத்துக் கறை என்றால் ஒரு தடவையில் போகாது. இரண்டாவது தடவை அடித்தபோது ஊதா குறைந்திருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

சக்கரத்துக்கு வைத்த துணியையும் வாளியையும் காரின் உடம்பில் பயன்படுத்தாதீர்கள். அதில் இரும்புத்தூள் இருக்கும், கதவெல்லாம் சிலந்திவலை மாதிரி கீறல் விழும்.

மிஞ்சிய கருப்புப் பொட்டுகள் தார். அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. தார் ரிமூவர் அல்லது கொஞ்சம் மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு ஒற்றி வையுங்கள், ஒரு நிமிஷத்தில் இளகும். துணியில்தான் தொட வேண்டும், ஊற்றக்கூடாது. மண்ணெண்ணெய் டயர் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. முடிந்ததும் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அதற்கும் மிஞ்சிய நறநறப்புக்குக் கிளே என்று ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள், ஷாம்புத் தண்ணீர் விட்டு அதை உருட்டினால் துகளைப் பிடுங்கிக்கொண்டு வரும். கீழே விழுந்த கிளேயை மறுபடி தொடாதீர்கள், மண் ஒட்டியிருக்கும்.

இப்போது ஆசிட். கித்தா ஆசிட் என்பது ஃபார்மிக் அமிலம். பாலை உறைய வைக்கும், துருவையும் கரைக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ரிம் அலுமினியம். மேல்பூச்சில் ஒரு கீறல் இருந்தாலும் அமிலம் அதன் வழியாக உள்ளே போய் அலுமினியத்தைத் தின்னும். மேலே பளபளப்பு, அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். ஒரு தடவை வந்துவிட்டால் பூச்சை உரித்துப் புதிதாக அடிப்பது தவிர வழி கிடையாது. கையில் பட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவிடமே கேளுங்கள், பால்காட்டில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கே நடந்தது இது. பட்டறை தொடங்கிய புதிதில் ஆசையாக ஒரு செட் ரிம் வாங்கினேன், பூச்சில்லாமல் மெருகேற்றிய வெறும் அலுமினியம். வேறு ஊரில் ஒரு கார் வாஷ் கடையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பையன் ஏதோ ஒன்றை ஊற்றித் தேய்த்திருக்கிறான், திரும்பி வந்தபோது நாலு ரிம்மும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துப்போயிருந்தன. "அண்ணே, கறை போச்சுல்ல?" என்றான். கறை போனது உண்மைதான். மெருகை மறுபடி வரவைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அன்றிலிருந்து காரை விடுகிற இடத்தில் ரிம்முக்கு என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

சில ரிம் ஆசிட்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். அது பொல்லாதது. பட்ட உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கும், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டால் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போத்தலையும் காட்டுங்கள். லேபிளில் என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்தை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அடுப்படி வைத்தியமும் வேண்டாம். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினால் பளிச்சென்று ஆகிறதே, ரிம்முக்கும் செய்தால் என்ன என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். குத்துவிளக்கு வெறும் பித்தளை, ஒவ்வொரு தடவையும் அதன் தோலைக் கொஞ்சம் உரிக்கிறோம், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உரித்தாலும் தாங்கும். ரிம்மின் மேல் இருப்பது முடியைவிட மெல்லிய பூச்சு. சாம்பலும் கம்பி நாரும் அதில் பட்டால் முதல் நாள் பளிச்சென்று தெரியும், அடுத்த மாதம் அந்தக் கீறலில்தான் இரும்புத்தூள் முதலில் போய் உட்காரும். நீங்கள் பச்சை நாரால் தேய்த்த இடத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மங்கலாக வட்டம் வட்டமாகத் தெரிகிறதா? அது லேசாக இருந்தால் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம்.

எல்லாம் செய்தபின்னும் பழுப்புப் புள்ளி அப்படியே இருந்தால் நகத்தால் தடவுங்கள். மேடாக இருந்தால் இன்னும் துகள் இருக்கிறது, இன்னொரு தடவை மருந்து அடிக்கலாம். குழியாக இருந்தால் துரு பூச்சைத் தின்றுவிட்டுப் போய்விட்டது, இனி எந்த மருந்துக்கும் வேலையில்லை. ரிம் பெயிண்ட் அடிக்கிறவரிடம்தான் போக வேண்டும்.

சுத்தமாக்கிய ரிம்முக்கு ஒரு பாதுகாப்பு போட்டுவிடுங்கள். சாதாரண கார்னாபா வேக்ஸ் 80 டிகிரிக்குச் சற்று மேலே உருகிவிடும், முன்சக்கரச் சூட்டில் அது ரொம்ப நாள் நிற்காது. சிந்தெடிக் சீலன்ட் என்று கேட்டு வாங்கிக் காய்ந்த ரிம்மில் தடவித் துடையுங்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்புத் தண்ணீர் போதும், மருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான்.

ஒரு சின்ன விஷயம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம் இல்லையா? அந்தச் சாறு ரிம்மில் தெறித்திருக்கும், குங்குமமும் வெள்ளை ரிம்மில் கறைபிடிக்கும். சாமி கும்பிட்ட அன்று சாயங்காலமே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சாமி ஒன்றும் சொல்லாது.

கழுவி முடித்த எந்தக் காரையும் உடனே நிறுத்திப் பூட்டாதீர்கள். தாமானுக்குள் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, மூன்று நாலு தடவை பிரேக்கை மிதித்து ஈரத்தை விரட்டுங்கள். ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் இழுத்து இரண்டு நாள் விட்டால் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலை டிஸ்க்கில் மெல்லிய துரு தெரிந்தால் கவலை வேண்டாம், தெருமுனை போவதற்குள் தேய்ந்துவிடும்.

கறை சேர்வதைக் குறைக்க முடியுமா என்றால், முடியும். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை போய்த் திரும்புகிறவர்களின் ரிம்மைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், இறக்கம் முழுக்கப் பிரேக்கில் காலை வைத்தே வந்திருப்பார்கள். ஆட்டோ கியர் என்றாலும் கீழ் கியருக்கு இறக்கி எஞ்சின் பிடிப்பில் வாருங்கள். பிரேக்கும் சூடேறாது, ரிம்மும் தப்பும். பேட் மாற்றும்போது செராமிக் கேட்டு வாங்கலாம். தூசி குறைவு, வருகிறதும் வெளிர் நிறம், விலை கொஞ்சம் கூட.

சரி, அந்த இடது பக்கம். இரண்டு முன்பிரேக்கும் ஒரே அளவு வேலைதான் செய்கின்றன, தூசியும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடுதல் என்றால் அந்தப் பக்கத்துப் பேட் காலை எடுத்தபின்னும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். பேட்டை அழுத்துகிற காலிப்பர் 'பின்' என்ற இரண்டு இரும்புக் குச்சிகளின்மேல் வழுக்கி நகர வேண்டும். கிரீஸ் காய்ந்து, ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீரும் செம்மண்ணும் போனால் பின் இறுகிவிடும். நம் ரோட்டில் இதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். பழைய கார் என்கிறீர்கள், முன்பு வைத்திருந்தவர் பின்களுக்குக் கிரீஸ் வைத்தாரா யார் கண்டது?

வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து நிமிஷம் ஓட்டி, மெதுவாக நின்று, கையின் பின்புறத்தை ரிம்மின் வெளிவிளிம்புக்கு அருகே கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். வலதைவிட இடது நன்றாகச் சூடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓடும்போது கார் ஒரு பக்கம் இழுப்பது, பெட்ரோல் கூடக் குடிப்பது, டயர் பக்கம் கருகல் வாசனை எல்லாம் இதோடு சேர்ந்தவை. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, எண்ணெய் மாதிரி வழிந்திருந்தால் அது தூசி இல்லை, பிரேக் ஆயில் கசிவாக இருக்கலாம். அப்படிப்பட்ட காரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சக்கரத்தைக் கழற்றும்போது பேட்டின் தடிமனையும் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பேட் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு இறங்கினால் மாற்ற வேண்டும். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் தடிமனாக இருந்தால் பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இருக்கும் தூளைக் காற்றுக் குழாயால் ஊதித்தள்ள விடாதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு, இல்லாவிட்டாலும் அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாது. தண்ணீரோ பிரேக் கிளீனரோ அடித்து ஈரமாக்கித் துடைக்க வேண்டும். பின்னைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைப்பது அரைமணி நேர வேலை. சக்கரம் கழன்றிருக்கிறபோதே ரிம்மின் உள்பக்கத்துக்கும் மருந்தடித்துவிட்டால் உங்களுக்கு மிச்சம்.

ஆகவே இந்த வாரம் போத்தல் வாங்க வேண்டாம். முதலில் இடது பக்கக் காலிப்பர் பின்களைப் பாருங்கள், அப்புறம் ரிம்மைக் கழுவுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் இடது ரிம் மறுபடி கருத்திருக்கும்.